பழமனை போற்றுதல் பற்றோ, நன்றியோ?

தோன்றிய பொருள் யாவும் சிலகாலம் நின்று பின் அழிதல் உலகத்தியற்கை. கல்லாற் கட்டிய கோட்டையும் மண்ணால் எழுப்பிய குடிலும் காலத்தின்முன் ஒரு நிகரனவே. இவ்வாறு மாறி மறைவனவற்றைச் சைவசித்தாந்தம் அசத்து என்று கூறும். அசத்தைச் சார்ந்து நிற்கும் உயிர் அதன் வண்ணமாய் மயங்கும் என்பதும், சத்தாகிய சிவத்தைச் சார்ந்தாலன்றி அதற்கு உய்தி இல்லை என்பதும் மெய்கண்ட நூல்களின் துணிபு. அங்ஙனமாயின், பழையதொரு வீட்டையோ தெருவையோ இடியாமற் காத்தலும், அதனைக் காண்டற்பொருட்டு நெடுந்தூரம் செல்லுதலும், கண்டு உள்ளம் நெகிழ்தலும் எவ்வகையைச் சார்ந்தன? அவை அறிவுடையார் களையவேண்டிய பற்றோ? அன்றி, மக்கள் மறவாது செலுத்தவேண்டிய நன்றியோ? இவ்வினா ஏட்டளவில் எழுவதொன்றன்று. பாலைநிலத்தே எழுந்த புதிய நகரமொன்றன் நடுவில் எஞ்சி நிற்கும் பழந்தெருக்களில் நடந்து செல்வார் எவர்க்கும் தானே எழுவது. ஆதலின் அவ்விடத்தையே முன்வைத்து இதனை ஆராய்தல் தகும்.

பாலையிற் பழங்குடியிருப்பு

பாரசீகக் குடாவின் தென்கரையில் உள்ளது துபாய் நகரம். கடல் நிலத்தினுள் நுழைந்து வளைந்து செல்லும் கழியொன்றன் இருகரையிலும் அது தோன்றி வளர்ந்தது. கழியையும் கடற்கரையையும் நீங்கினால் எங்கணும் மணலே. மழை மிகச் சிறிது. வேனிலின் வெம்மை மிகப் பெரிது. இத்தகைய நிலத்தில், 2010-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் திறக்கப்பெற்ற புர்ஜ் கலீஃபா என்னும் மாளிகை 828 மீட்டர் உயர்ந்து நிற்கின்றது. மக்கள் கட்டியவற்றுள் அதற்குமுன் அத்துணை உயர்ந்தது பிறிதொன்றில்லை. கண்ணாடியும் உருக்கும் கொண்டு எழுந்த அத்தகைய கட்டடங்களே இன்று அந்நகரின் முகமாக உலகோர் கண்ணுக்குத் தோன்றுவன.

ஆயினும் கழியின் கரையை ஒட்டிப் பர் துபாய் என்னும் பகுதியில் வேறொரு காட்சி உண்டு. ஆங்கு மண்ணிறச் சுவர்களும், இருவர் ஒருங்கே செல்லுதற்கு மட்டும் இடந்தரும் சந்துகளும், வீடுகளின்மேல் நாற்சதுரமாய் எழுந்த கோபுரங்களும் உள. அச்சந்துகளைச் சிக்கா என்பர். கோபுரங்களைப் பர்ஜீல் என்பர். இக்குடியிருப்பு இன்று அல் ஃபஹீதி என வழங்கப்பெறுகின்றது. முன்பு இதன் பெயர் பஸ்தக்கியா. பாரசீக நாட்டின் தென்பால் உள்ள பஸ்தக் என்னும் ஊரினின்று வந்த வணிகர் குடியேறிய இடமாதலின் அப்பெயர் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரசீகக் கரையிலுள்ள லிங்கே முதலிய துறைகளிற் சுங்கம் மிகுந்தது. அக்காலத்துத் துபாயை ஆண்ட சேக்கு மக்தூம் பின் ஹஷர் வணிகர்க்கு வரிச்சலுகை அளித்து வரவேற்றார். ஒருபால் நெருக்கமும் ஒருபால் ஆதரவும் உளவாயின், பொருள் தேடுவார் கால் எப்பால் நடக்கும் என்பது சொல்லவேண்டா. அவர் கடலைக் கடந்து வந்து இக்கரையில் மனை அமைத்தனர்.

அம்மனைகள் அமைந்த முறை ஆராயத்தக்கது. மண்ணும் மணலுமே மிக்க அந்நிலத்தில் உயர்ந்த கட்டடக் கல் எளிதிற் கிட்டுவதன்று. ஆதலின் கடலினின்று பவளக்கல்லை எடுத்துச் சுவர் எழுப்பினர். அக்கல் நுண்டுளைகள் நிறைந்தது. ஆதலின் வெளிவெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. சுவரின்மேற் பூசுதற்குச் சிப்சச் சுண்ணமும், கூரை வேய்தற்குப் பேரீந்தின் ஓலையும் மட்டையும் பயன்பட்டன. உத்திரத்துக்குரிய கழிகள் கீழை ஆப்பிரிக்காவின் அலையாத்திக் காடுகளிலிருந்து மரக்கலங்களில் வந்தன. அக்கழிகளின் நீளம் எத்துணையோ அத்துணையே அறைகளின் அகலம். அதனை மீறி அறை அமைத்தல் இயலாது. கதவுக்குரிய தேக்கு இந்தியாவினின்று வந்தது. எனவே, அரபு நிலத்தில் நிற்கும் அவ்வீட்டிற்குத் திட்டம் தந்தது பாரசீகம். தோள் தந்தது ஆப்பிரிக்கா. வாயில் தந்தது இந்தியா. உடம்பு தந்தது கடல். இது தனியொருவர் ஆக்கிய பொருள் என்று அதனைச் சுட்டி உரைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

காற்றுக்கோபுரத்தின் தொழிலும் அறிதற்குரியது. அது வீட்டின்மேல் நாற்புறமும் வாயிலுடையதாய் எழுவது. ஏறத்தாழ ஐம்பது அடி வரை உயர்ந்தனவும் உள. அதனுள்ளே ஒரு மூலையினின்று எதிர்மூலைக்குச் செல்லும் இரு தட்டிகள் குறுக்கிட்டு நின்று, உட்குழியை நான்காகப் பகுக்கும். எத்திசையினின்று காற்று வீசினும் அத்திசைக்குரிய வாயில் அதனை ஏற்றுக் கீழுள்ள அறைக்கு இறக்கும். வெப்பமுற்ற காற்று எதிர்ப்புறத்து வாயிலால் மேலெழுந்து நீங்கும். மின்னாற்றல் வருதற்குமுன் அவ்வெம்மை நிலத்தில் வாழ்ந்தார்க்கு அதுவே பெருந்துணை. துபாய் மின்சார நிறுவனம் தோன்றியது 1959-ஆம் ஆண்டிலேதான் என்பதை உளங்கொள்வார், அதற்குமுன் வாழ்ந்த தலைமுறைகளின் பொறுமையையும் அறிவையும் ஒருவாறு உணர்வர்.

அவ்வணிகரின் செல்வத்திற்குப் பெருவாயிலாய் இருந்தது முத்து. வேனிற்காலத் திங்கள்களில் மரக்கலங்கள் குடாவின் முத்துப்பாறைகளை நாடிச் சென்றன. காலிற் கல்லைக் கட்டி, மூக்கை இடுக்கி கொண்டு அடைத்து, ஒரு மூச்சில் ஆழத்திற் சென்று மீண்டவர் குளியாட்கள். அவருட் பலர் கலத்தலைவர்க்குக் கடன்பட்டு, அக்கடன் தீரும் வழியின்றி ஆண்டுதோறும் கடலிலிறங்கினர். அடிமைகளாய் வைக்கப்பட்டோரும் அவரிடை இருந்தனர். சப்பானியர் வளர்த்த முத்து சந்தைக்கு வந்தமையாலும், 1929-இல் தொடங்கிய உலக வாணிக வீழ்ச்சியாலும் அத்தொழில் நிலைகுலைந்தது. பின்னர் 1966-இல் நிலநெய் கண்டுபிடிக்கப்பெற்று, 1969-இல் ஏற்றுமதியாயிற்று. 1971-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் அமீரகங்கள் ஒன்றுபட்டு ஒரு நாடாயின. செல்வம் பெருகவே, பழைய குடியினர் குளிர்பொறி பொருத்திய புதிய மனைகளை நாடி வேறிடம் சென்றனர். ஆளற்ற வீடுகள் கூலியாட்கள் தங்கும் விடுதிகளாகவும் பண்டகசாலைகளாகவும் மாறிப் பாழ்பட்டன.

1980-ஐ அடுத்த ஆண்டுகளில் அக்குடியிருப்பின் ஒரு பாதியளவு இடிக்கப்பட்டது. அவ்விடத்தே அரசவை அலுவலகம் எழுந்தது. எஞ்சியதும் இடிபடவிருந்த வேளையில், ஆங்கு ஒரு வீட்டைச் செப்பனிட்டு வாழ்ந்துவந்த ரேனர் ஆட்டர் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர் அதனைக் காக்க முயன்றார். இன்று இங்கிலாந்தின் மன்னராய், அன்று இளவரசராய் இருந்த சார்லசு 1989-இல் துபாய்க்கு வரவிருந்தார். அவர்க்கு ஆட்டர் கடிதம் எழுதினார். இளவரசரும் நேரில் வந்து சந்துகளிற் சுற்றிப் பார்த்து, அவை காக்கப்படுதல் நன்றென்றார். இடிப்பு நின்றது, பின்னர்ச் செப்பனிடும் பணி தொடர்ந்தது. ஏறத்தாழ 1800-ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற நகர்மதிலின் சிறு பகுதியொன்றும் ஆங்கு இன்று காணப்பெறும். வீடுகள் ஓவியக்கூடங்களாகவும் காட்சிச்சாலைகளாகவும் உணவில்லங்களாகவும் பயன்படுகின்றன. பகற்பொழுதெல்லாம் பல நாட்டினரும் வந்து காண்கின்றனர்.

மாயை பொய்யன்று

இனி, முதற் கடாவை நோக்குக. “அழிவது அழிக, அதனைக் காத்தற்கு முயலுதல் அசத்தினிடத்து வைத்த மயக்கமேயன்றி வேறென்னை?” என்பார் உளர்.

இக்கூற்று ஏகான்மவாதத்திற்கு ஒருகால் ஏற்கலாம், சைவசித்தாந்தத்திற்கு ஏலாது. சித்தாந்தம் அசத்து என்னும் சொல்லால் இல்பொருளைக் குறிப்பதில்லை. ஒரு நிலையில் நில்லாது மாறுவதையே குறிக்கும். கயிற்றிற் காணும் பாம்புபோல உலகம் வெறுந்தோற்றம் என்று அது கூறுவதில்லை. உலகத்துக்கு முதற்காரணமாகிய மாயை என்றும் உள்பொருள். அதனின்று தோன்றும் காரியங்களே தோன்றி ஒடுங்குவன. அம்மாயையினின்று இறைவன் உயிர்கட்குத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கினையும் படைத்தளிக்கின்றான். எதன்பொருட்டு? ஆணவ இருளில் அழுந்திக் கிடக்கும் உயிர் சிறிதளவேனும் அறிவு விளங்கப்பெற்று, வினைகளை நுகர்ந்து கழித்து, பக்குவம் எய்துதற்பொருட்டு. விடியுங்காறும் இருட்டிற் பயன்படும் விளக்குப்போல்வது மாயை என்பது ஆன்றோர் கொள்கை. கதிரவன் எழுந்தபின் விளக்கு வேண்டப்படாதாயினும், இரவெல்லாம் ஒளி தந்த அதனைப் பொய்யென்று உதைத்துத் தள்ளுவான் அறிவுடையான் ஆகான்.

புவனம் என்பது விண்ணும் மண்ணும் மட்டுமன்று. உயிர் தங்கி வாழும் ஊரும் தெருவும் மனையும் அதன்பாற் படுவனவே. வெயிலுக்கு ஒதுங்கிய சுவரும், காற்றை இறக்கிய கோபுரமும், தாய் பிள்ளையைத் தாலாட்டிய அறையும் ஓருயிரின் வளர்ச்சிக்குத் துணைசெய்தனவாம். துணைசெய்த பொருள் சடமாயினும், அத்துணையை அமைத்தவன் சடமல்லன். ஆதலின் பழமனையைக் கண்டு உள்ளம் கனிதல், நெறிப்பட நின்றால், பொருளைக் கடந்து பொருளளித்தவன்பாற் செல்லும் நன்றியே ஆகும்.

பற்றும் நன்றியும் வேறாமாறு

அஃதேல், பழம்பொருள் பேணுவார் அனைவரும் நன்றியுடையார் ஆவரோ எனின், ஆகார். பற்றும் நன்றியும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலக் காணப்படும். அகத்தே மிக வேறுபட்டன. பற்று “எனது” என்பதினின்று எழுவது. நன்றி “எனக்கு அளிக்கப்பட்டது” என்பதினின்று எழுவது. பற்றுடையான் பொருள் மாறுங்கால் வெகுள்வான். நன்றியுடையான் மாறுங்கால் வருந்தினும் விடைகொடுப்பான். பற்று பழமையின் பெருமையைத் தன் பெருமையாக்கும். நன்றி தன் சிறுமையை அதன்முன் உணர்விக்கும். யான் எனது என்னும் செருக்கு ஆணவத்தின் காரியமாதலின், பழமையின் பெயரால் அச்செருக்கை வளர்ப்பார், காத்தது சுவரையே ஆயினும், கட்டிக்கொண்டது தளையையே ஆம்.

இவ்வேறுபாட்டைத் தேர்ந்தறிதற்கு ஓர் உரைகல் உண்டு. காப்பவர் உண்மை முழுவதையும் காக்கின்றனரோ, தமக்கு இனிதாகியதை மட்டும் காக்கின்றனரோ என்று நோக்குக. பர்ஜீலின் அழகைக் காட்டி வணிகரின் செல்வத்தைப் புகழ்தல் எளிது. அச்செல்வத்தின் அடியிற் கிடந்த குளியாளின் திணறிய மூச்சையும் தீராக் கடனையும் உடன் நினைத்தல் அரிது. முத்தை எடுத்தவன் பெயரை எந்த வாயிலிலும் பொறித்தாரில்லை. அவ்வாறே, அக்குடியிருப்புக்கு அப்பால் வானளாவி நிற்கும் மாளிகைகளைக் கட்டியவரும், இந்தியா, பாகித்தானம், வங்காளம், நேபாளம் முதலிய நாடுகளினின்று மனைவி மக்களைப் பிரிந்து சென்று வெயிலில் உழைத்த மக்களே. அவருள் தமிழரும் பலர். பழமனையைக் கண்டு வியக்கும் உள்ளம், அவர் உழைப்பையும் கருதி இரங்குமாயின் அது நன்றியாம். சுவரைப் போற்றிச் சுவரெடுத்தாரை மறக்குமாயின், அஃது உயிரை விட்டு உடலைத் தழுவுதலேயாம்.

இரண்டாங் கடா ஒன்று உண்டு. அது முன்னையதினும் வலிது. “செப்பனிட்ட அக்குடியிருப்பு உயிர் நீங்கிய உடம்பு போல்வதன்றோ? அவ்வீடுகளில் இன்று குடும்பம் வாழ்வதில்லை, அடுப்பெரிவதில்லை. காற்றுக்கோபுரம் அழகுக்கு நிற்க, குளிர்ச்சி தருவது மின்பொறியே. பிணத்திற்கு அணி பூட்டி வைத்தலால் யாது பயன்?” என்பது அது.

இக்கடாவிற் பெரும்பகுதி உண்மை என்று ஒப்புக்கொள்ளுதலே நேர்மை. வீட்டிற்கு உயிர் அதில் வாழ்வார். அவர் நீங்கியபின், எத்துணைத் திறம்படச் செப்பனிடினும், பண்டை வாழ்வு மீளாது. உயிர் நீங்கிய உடலை மீட்டும் எழுப்புதல் தச்சனாலும் கொற்றனாலும் ஆவதன்று. காண வருவார், தாம் காண்பது பழைய வாழ்வேயென்று எண்ணின் ஏமாறுவர்.

ஆயினும் இதனால் அவ்விடம் பயனற்றதாய்விடாது. ஆசிரியர் மறைந்தபின் அவர் எழுதிய ஏடு உயிரற்றதே. எனினும் கற்பார்க்கு அறிவு தருவது அதுவே. ஏடு தானே அறியாது. அறியும் உயிர்க்கு அறிவிக்கும் துணையாகும். அங்ஙனமே பழமனையும் கற்பார்க்கு ஓர் ஏடு. குறைந்த பொருள்கொண்டு நிறைந்து வாழ்தல் எங்ஙனம் என்பதனையும், அயலாராய் வந்தார் ஓர் ஊர்க்கு உறவாவது எங்ஙனம் என்பதனையும், எவ்வளவு செல்வமும் ஒரு தலைமுறையில் இடம் மாறிவிடும் என்பதனையும் அது சொல்லாமற் சொல்லும். நிலையாமையை நூலிற் படித்தல் ஒன்று. நிலையென்று எண்ணி எழுப்பிய மனையின் வெறுமையான முற்றத்தில் நின்று உணர்தல் மற்றொன்று. இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட பாதி இன்று எவர்க்கும் எதனையும் கற்பிப்பதில்லை. எஞ்சிய பாதியே கற்பிக்கின்றது.

சந்திலிருந்த சிவாலயம்

இவ்வாராய்ச்சி சைவர்க்கு நெஞ்சை நேரே தொடும் இடம் ஒன்றுண்டு. அல் ஃபஹீதிக் குடியிருப்பிற்கும் அதனை அடுத்த துணிக்கடைத் தெருவிற்கும் அண்மையில், பெரிய பள்ளிவாசலின் பின்புறத்தே, நெருக்கமான சந்தொன்றில் ஒரு சிவாலயம் இருந்தது. சிந்து நாட்டு வணிகக் குடியினர் பேணிவந்த அக்கோயில், கோபுரமும் மதிலும் உடையதன்று. கடைகளுக்கிடையே மாடிப்படி ஏறிச் செல்லும் எளிய இடமே. வழிபாடும் வடநாட்டு முறையினது. ஆயினும் அறுபது ஆண்டுகட்கு மேலாக, அந்நகரிற் பிழைக்கச் சென்ற இந்தியர் பலர்க்கும், மொழி வேறுபாடின்றி, அது புகலாயிருந்தது. மகாசிவராத்திரியன்று சந்துகளினூடே நெடுந்தொலைவு வரிசை நிற்கும். பள்ளிவாசலின் பாங்கொலியும் சிவாலயத்தின் மணியொலியும் ஒரே காற்றிற் கலந்தன, ஒன்றையொன்று தடுத்ததில்லை.

நகரின் மறுபுறத்தே, ஏறத்தாழ இருபது மைலுக்கு அப்பால், ஜெபல் அலி என்னுமிடத்தில் அரசு அளித்த நிலத்திற் பெரியதொரு கோயில் கட்டப்பெற்று 2022-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் திறக்கப்பெற்றது. 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பழைய சந்திலிருந்த சிவாலயம் ஜெபல் அலிக்கு மாற்றப்பட்டது. புதிய இடம் விரிந்தது, நெருக்கமற்றது, முதியோர்க்கும் குழந்தைகட்கும் இடர் விளைக்காதது. இவையெல்லாம் மறுக்கவொண்ணா நன்மைகள்.

இனி, இளமையில் அந்நகர்க்குச் சென்று, இருபது முப்பது ஆண்டுகள் கடையொன்றிற் கணக்கெழுதி வாழ்ந்த சைவ அன்பர் ஒருவரை உளங்கொள்க. திங்கட்கிழமைதோறும் மாலையிற் கடையடைத்தபின் அச்சந்திற் சென்று சிவலிங்கப் பெருமானைத் தொழுதல் அவர் வழக்கம். தந்தை இறந்த செய்தி வந்த நாளில், ஊர் செல்ல இயலாது, அவர் அழுது நின்றதும் அவ்விடத்தே. மகன் பிறந்த செய்தி வந்த நாளில் நெய்விளக்கிட்டு நின்றதும் அவ்விடத்தே. இன்று அவர் அச்சந்துக்கு மீளச் செல்கின்றார். படிக்கட்டு இருக்கின்றது, பெருமான் இல்லை. அருகேயுள்ள வணிகர் வீடுகளைக் காத்தார் பலர். தம் நெஞ்சு வாழ்ந்த இடத்தைக் காத்தார் யார் என்று அவர் உள்ளம் வினவுதல் இயல்பு. அவர் வருத்தம் அறியாமையோ?

“இறைவன் எங்கும் நிறைந்தவன், இடம் மாறினால் என்?” என்று அவர்க்கு விடையிறுப்பார், பாதி சித்தாந்தமே அறிந்தவர் ஆவர். சிவம் எங்கும் நிறைந்தது என்பது உண்மை. ஆயினும் பாலெங்கும் நெய் இருப்பினும் கடைந்த இடத்தன்றி வெளிப்படாமைபோல, எங்கும் நிறைந்த பெருமானும் அன்பினால் வழிபடும் இடத்தே விளங்கித் தோன்றுவன். ஆதலினன்றோ சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலம் நீங்கிய சீவன்முத்தரையும், அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரனெனவே கண்டு தொழுமாறு விதித்தது! ஞானத்தின் முடிவில் நிற்பார்க்கே ஆலய வழிபாடு கூறப்பட்டதாயின், வாழ்வின் நடுவே நின்று தொழுதார் ஓரிடத்தை மறவாமை குற்றமாதல் யாங்ஙனம்? அன்பர் வருத்தம் அறியாமையன்று, அன்பின் நிழலே.

எனினும் அவ்வருத்தமே முடிந்த முடிபும் அன்று. இதற்கு ஆகமங்கள் காட்டும் வழி மிக நுட்பமானது. கோயில் பழுதுபட்டுத் திருப்பணி செய்யுங்கால், மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணம் என்னும் கிரியையாற் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, பாலாலயம் எனப்படும் இளங்கோயிலில் அத்திப்பலகை முதலியவற்றில் வைத்து, பூசை தடைப்படாது நடத்துவர். பணி முடிந்தபின் கும்பாபிஷேகத்தால் மீட்டும் உரிய இடத்தே எழுந்தருள்விப்பர். மூர்த்தி சிதைவுற்றதாயின், அதனை விதிப்படி நீக்கி நீரில் இட்டுப் புதிய மூர்த்தியைத் தாபிப்பர். இதனைச் சீர்ணோத்தாரணம் என்பர். இம்முறையில் இரண்டு உண்மைகள் ஒருங்கே அமைந்துள்ளன. கல்லே கடவுள் என்று ஆகமம் கருதவில்லை. கருதியிருப்பின் மாற்றம் என்பதே இயலாது. கல் வெறுங்கல் என்றும் கருதவில்லை. கருதியிருப்பின் மந்திரமும் கும்பமும் நீர்க்கடனும் வேண்டப்படா. இடம் மாறலாம், வடிவம் மாறலாம். ஆனால் மாறுதற்குமுன் தொழுது விடைபெறுதல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

இதனை அறிந்த அன்பர்க்கு ஆறுதல் உண்டு. பெருமான் சந்தினை விட்டு நீங்கினானல்லன். அன்பர்கட்கு இடங்கொடுத்தற்பொருட்டு வேறிடத்தும் வெளிப்பட்டான். ஜெபல் அலியிற் சென்று தொழுதலும் அவர்க்குரியது. பழைய படிக்கட்டின் கீழ் ஒருகணம் நின்று கைகுவித்தலும் அவர்க்குரியது. முன்னையது வழிபாடு, பின்னையது நன்றி. இரண்டும் ஒன்றையொன்று விலக்குவனவல்ல.

முடிபு

இதுகாறும் கூறியவாற்றான், மாற்றம் குற்றமன்று, நன்றியின்மையே குற்றம் என்பது பெறப்படும். பாலைநகரம் புதியன எழுப்பியதில் இழுக்கில்லை. ஒரு பாதியை நினைவின்றி இடித்ததில் இழுக்குண்டு. மறுபாதியை இடியாது நிறுத்தியதிற் சிறப்புண்டு. பிறநாட்டாரைக் குறைகூறுதற்கு இது கூறப்பட்டதன்று. திருப்பணி என்னும் பெயராற் பழங்கல்வெட்டுக்கள் சுண்ணத்தால் மூடப்பட்டதும், மணல்வீச்சால் எழுத்துத் தேய்ந்ததும் தமிழகத்துக் கோயில்களிலேயே நிகழ்ந்தனவன்றோ? சீர்ணோத்தாரண விதியை உடைய மக்களே விடைபெறாது அழித்தனராயின், அவ்விதி இல்லாதாரை நொந்து பயன் என்னை?

பற்றோ நன்றியோ என்று எழுந்த வினாவிற்கு விடை பொருளில் இல்லை. காண்பார் உள்ளத்தில் உள்ளது. ஒரே சுவர் ஒருவர்க்குச் செருக்கையும், மற்றொருவர்க்கு வணிகத்தையும், பிறிதொருவர்க்குப் பணிவையும் விளைக்கும். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பாதலின், சுவரைச் சுவரளவிற் சாராது, அதனைத் துணையாக அளித்த திருவருளைச் சார்ந்து காண்பதே உய்யும் நெறி.

அதற்கு அப்பழமனையே ஒரு சான்று தருகின்றது. காற்றுக்கோபுரம் காற்றைப் படைப்பதன்று, இழுப்பதும் அன்று. அது நாற்புறமும் திறந்து நிற்கும். அவ்வளவே அதன் தொழில். வீசுங்காற்று எங்கும் உளது. திறந்த வாயில் உள்ள மனையினுள் அது இறங்குகின்றது, வாயிலில்லா மனையைக் கடந்து செல்கின்றது. திருவருளும் எங்கும் வீசுவதே. ஆணவத்தால் அடைபட்ட நெஞ்சினுள் அது புகுதற்கு வாயிலில்லை. நன்றியால் திறந்து நிற்கும் நெஞ்சினுள் அது தானே இறங்கும். கட்டியவர் போயினர், வாழ்ந்தவர் போயினர், முத்தும் போயிற்று. நாளை அக்கோபுரமும் போகும். நிற்குங்காறும் அதனைப் போற்றுக. போகுங்கால் தொழுது விடுக. என்றும் போகாப் பொருளைச் சார்க.

திருச்சிற்றம்பலம்.